வளைகாப்புக்கு மறுநாள் கண்ட தடங்கள்

வெள்ளிமலை,
27-1-2025

திருமதி தைலம்மாள் அவர்களுக்கு,
மூங்கில்துறைப்பட்டு.

என் மகள் சுபஸ்ரீ உங்கள் வீட்டு மருமகளான நாளிலிருந்து அவள் உடம்பில் நான் கண்ணால் கண்டவை:

1. 14-8-2023. இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அளவில் கருநீலத் தடம். அவள் சொன்ன காரணம்: கட்டில் முனை இடித்தது.

2. 12-11-2023, தலை தீபாவளி. வலது தோள் மூட்டு நழுவி, கையைத் தூளியில் தொங்கவிட்டபடி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். காரணம்: கொடியில் துணி காயப்போடக் கையை உயர்த்தினாளாம். துணி காயப்போட்டு ஒருவருக்குத் தோள் கழன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

3. 3-3-2024. முழந்தாளில் தையல். காரணம்: வாசற்படியில் தடுக்கினாளாம். உங்கள் வீட்டு வாசலில் இருப்பது ஒரே படி.

4. 20-6-2024. இடது கண்ணின் வெண்மை முழுவதும் இரத்தம். காரணம்: இருமல்.

5. 8-9-2024. மேற்கையின் உட்புறம் விரல் அகலத்தில் தடங்கள். அப்போது கருவுற்றிருந்தாள். காரணம் கேட்டதற்குச் சிரித்தாள். "எனக்கு எப்பவுமே இப்படித்தாம்பா" என்றாள்.

6. 23-1-2025. உங்கள் வீட்டில் வளைகாப்பு முடித்து நாங்கள் அழைத்து வந்ததற்கு மறுநாள் காலை. இரு மணிக்கட்டுகளிலும் புறங்கைகளிலும், ஒருவர் இறுக்கிப் பிடித்து முறுக்கியது போன்ற ஊதாத் தடங்கள். காரணம் கேட்கவில்லை. புகைப்படம் எடுத்துக்கொண்டேன்.

நம் ஊரில் இத்தகைய தடங்களுக்குப் பேய் அறைந்தது என்று பெயர் சொல்வார்கள். நான் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த மலைப் பள்ளியில் அதைக் கற்பித்து வருபவன். பேய் இல்லை என்று அறிந்தவனுக்கு ஒரு முடிவே மிஞ்சுகிறது. தடம் இருந்தால் கை இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவை உங்கள் மகன் வெங்கடேசனின் கைகளும் உங்கள் கைகளும். உங்களை நான் குற்றம் சாட்டவில்லை. அறிந்தும் அறியாதவர்போல் இருந்தீர்கள் என்பதே உங்கள் மீதான என் குறை. உடன்பிறந்த அக்காவின் மகன், அசலில் கொடுப்பதைவிட இது பத்திரம் என்று எண்ணி என் ஒரே மகளைக் கொடுத்தவன் நான்.

இன்று கள்ளக்குறிச்சியில் புகார் அளித்துவிட்டேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். வழக்கப்படியே என்னிடம் வந்தவள், பிரசவத்துக்குப் பின் அங்கே திரும்பமாட்டாள். மலைக்குக் கீழே வடக்கனந்தலில் உள்ள எங்கள் வீட்டில் இருந்தால் உங்கள் மகன் டிராக்டரை வாசலில் நிறுத்துவான் என்பதால், மலையில் உள்ள என் குடியிருப்புக்கு அவளையும் என் மனைவி ராணியம்மாளையும் அழைத்து வந்துவிட்டேன். அவளுடைய கைப்பேசி என்னிடம் உள்ளது.

இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. வந்தால் பிரிக்கப்படாது.

இங்ஙனம்,
மு. அறிவுச்செல்வன்


மூங்கில்துறைப்பட்டு,
2-2-2025

தம்பி அறிவுக்கு அக்கா தைலம்மா எழுதறது.

நீ பிரிக்கமாட்டேன்னு எழுதி இருக்கறே. பிரிப்பே. சின்ன வயசுல எனக்கு வர்ற காயிதத்தக் கூட நீதான் மொதல்ல பிரிப்பே.

"திருமதி" போட்டு இருந்தது பாத்துட்டு போஸ்ட்மேன் வீரமணி, "இன்னாம்மா, கோர்ட்டு நோட்டீஸா?" ன்னு கேட்டான். இல்லடா, என் கூடப் பொறந்தவன்னு சொன்னேன். அவன் சைக்கிள எடுத்துகினு போயிட்டான். அந்த வெக்கம் எனக்கு.

ஆறு நம்பர் போட்டு எழுதி இருக்கறே. ஒண்ணு ஒண்ணா எனக்கு பதில் சொல்லத் தெரியாது. ஆறாவதுக்கு மட்டும் சொல்றேன். அன்னிக்கு நீ ஆம்பளைங்களோட பந்தல்ல ஒக்காந்து இருந்தே. உள்ள இன்னா நடந்துதுன்னு உனக்குத் தெரியாது. வளையல் வாங்கியாந்தவன் அளவு கம்மியா வாங்கியாந்துட்டான். மொத வளையல ஏத்துனது யாரு? உன் பொண்டாட்டி. சோப்புத் தண்ணி தடவி, கட்ட வெரல மடக்கி, "கொஞ்சம் பொறுத்துக்கடி கண்ணு" ன்னு ஏத்துனா. அப்புறம் நானு, அப்புறம் எதுத்தவூட்டு பெரியம்மா, அப்புறம் சுத்தி இருந்த அத்தினி பொம்பளைங்களும். அழுத்தி அழுத்தி ஏத்துனோம். புள்ள பல்லக் கடிச்சிகினு சிரிச்சிகினே இருந்துது. நீ போட்டோ புடிச்சது எங்க கையி, அறிவு. ராணியம்மா கையும் அதுல இருக்குது. அதுங்கிட்ட கேட்டியா?

சுபாவுக்கு சின்னதுல இருந்தே இப்புடித்தான். ஸ்கூல்ல கோ-கோ ஆடிட்டு வந்தா காலு ரெண்டும் நாவப்பழம். நீ எங்க பாத்தே? நீ மலையில ஊரான் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்திகினு இருந்தே. ஞாயித்துக்கெயமையில வருவே, பேப்பரு திருத்துவே, போவே. கண்ணாலம் ஆன அப்புறம்தான் உன் பொண்ணு ஒடம்ப உத்துப் பாக்கறே.

எனக்கும் அப்புடித்தான்டா. என் காலப் பாத்து இருக்கறியா? தண்ணிக் கொடம் ஒரசுனாலே நீலம் பூக்கும். ஆத்தா பேய் அறைஞ்சதுன்னு துன்னூறு பூசும். பேய் அறைஞ்சதுன்னா நீ ஒத்துக்கமாட்டே. சரி, ஒத்துக்காதே. அதுக்கோசரம் என் புள்ளைய பேயாக்குவியா?

அவன் ஆலைக்கு கரும்பு ஏத்திகினு போயி ரெண்டு நாளு லைன்ல நின்னுட்டு வந்து, சோறு துன்னாம ஒக்காந்துகினு கீறான். "மாமாவா மா இப்புடி எழுதுனாரு?" ன்னு கேக்கறான். நான் இன்னா சொல்லட்டும்?

சுபாவ அவங்கிட்ட போன்ல ஒரு வார்த்த பேச வுடு. அது போதும்.

தைலம்மா


வெள்ளிமலை,
10-2-2025

திருமதி தைலம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்தவள் ராணியம்மாள். உரக்க வாசித்தாள். வாசித்து முடித்தபின் வளையல் ஏற்றியது தான்தான் என்றும் கூறினாள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வளையல் ஏற்றியே இந்த அளவு இரத்தம் கட்டும் எனில், இந்த மாவட்டத்தில் பிள்ளை பெற்ற ஒவ்வொரு பெண்ணும் ஒரு மாதம் கைகளை மறைத்துக்கொண்டு திரிந்திருக்க வேண்டும். வளையல் ஒரு காரணம் போலத் தோன்றுகிறது, காரணம் அன்று. மற்ற ஐந்துக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கடந்த 6ஆம் தேதி உங்கள் மகன் பள்ளி வாயிலுக்கு வந்தான். செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மாணவர்கள் முன்னிலையில், "மாமா, ஒரே ஒரு தபா அவளப் பாத்துட்டுப் போயிடறேன். நீங்க பக்கத்துலயே நின்னுக்குங்க, நான் கைய கட்டிகினு நிக்கறேன்" என்று கத்தினான். காவலாளியைக் கொண்டு வெளியேற்றினேன். 8ஆம் தேதி கள்ளக்குறிச்சியில் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, என் மகள் இருக்குமிடத்துக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறான். குற்றமற்றவன் ஏன் அவ்வளவு விரைவில் கையொப்பமிடுகிறான் என்று நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

சுபஸ்ரீ என்னோடு பேசுவதில்லை. அவள் அம்மாவிடம் பேசுகிறாள். சாப்பிடுகிறாள். பிற்பகலில் தேர்வு விடைத்தாள்களை அடுக்கிக் கொடுக்கிறாள்.

ஒன்றை நேர்மைக்காகக் குறிப்பிடுகிறேன். இங்கு வந்து இரண்டு வாரங்கள் ஆகியும் தடங்கள் முற்றிலும் மறையவில்லை. ஒன்றிரண்டு இடம் மாறியிருப்பதாக ராணியம்மாள் கூறுகிறாள். ஆழத்தில் உறைந்த இரத்தம் மெல்லத் தோலின் மேற்பரப்புக்கு வருவது இயற்கையே என்று விளக்கினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதோடு நம் கடிதப் போக்குவரத்து முடிந்தது.

மு. அறிவுச்செல்வன்


புதுச்சேரி, ஆஸ்பத்திரி,
24-2-2025

தம்பி,

படுத்துகினே எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ. இத வெங்கடேசன் கச்சிராயபாளையம் வரைக்கும் எடுத்துகினு வந்து, மலைக்கு ஓட்டற ஜீப்பு முனியன் கையில குடுப்பான். மேல வரமாட்டான். எழுதிக் குடுத்துட்டான் இல்ல.

பதிமூணாந்தேதி காலைல வயித்துல ஒரு வலி. கத்தியால கீறுனாப்புல. கள்ளக்குறிச்சி தூக்கிகினு போனாங்க, அங்க இருந்து இங்க அனுப்பிட்டாங்க. கொடலு தானா கிழிஞ்சி இருந்துதாம். ஒண்ணும் குத்தல, எங்கயும் வுழல. தானா. தைக்கப் போனா ஊறுன காயிதத்துல ஊசி குத்தறாப்புல தையலு புடிக்கவே இல்லையாம். கொடலக் கொஞ்சம் வெட்டிட்டு, வயித்துக்கு வெளிய ஒரு பை வெச்சி இருக்காங்க. பொழச்சதே ஜாஸ்தின்னு சொல்றாங்க.

உனக்கு ஏன் சொல்லியனுப்பலன்னா, நீதான் முடிஞ்சிபோச்சின்னு எழுதிட்டியே.

இப்ப நான் சொல்றத ஒக்காந்து படி. இங்க ஒரு டாக்டரம்மா வந்துது. சின்ன வயசுதான். என் காலத் திருப்பித் திருப்பிப் பாத்துது, கையத் தோல இழுத்துப் பாத்துது. அப்புறம் வெங்கடேசன கூப்புட்டு, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது காரணமே இல்லாம நீலம் பூக்குமா?" ன்னு கேட்டுது.

"என் சம்சாரத்துக்கு மேடம். என் மாமா பொண்ணு."

"மூட்டு நழுவுமா?"

"தோளு கழண்டுது மேடம். துணி காயப்போடச் சொல்லோ."

"எங்க இருக்காங்க இப்ப?"

"மலையில. ஏழு மாசம் முடிஞ்சிது."

அந்தப் பொண்ணு எயுந்து நின்னுடுச்சி. "மலைன்னா? பக்கத்துல ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" ன்னு கேட்டுது.

அது சொன்னது எனக்குப் புரிஞ்ச மட்டும் எழுதறேன். ஒடம்பு முச்சூடும் தோலு, கொடலு, ரத்தக் கொழா எல்லாத்தையும் புடிச்சி வெச்சிகினு இருக்கறது கொலாஜன்னு ஒரு நாராம். மூணு புரி கயிறாம். நம்ம குடும்பத்துல ஒரு புரி பொறவியிலயே கோணலா இருக்கும்னு சந்தேகப்படுது. கோணலாப் போனத ஒடம்பே வெட்டிப் போட்டுடுமாம். மிச்சம் இருக்கற கயிறு கம்மி. அதான் தொட்டா நீலம், தூக்குனா கழலுது, கட்டக் கடைசில கிழியுது. பிரசவ வலி எடுத்தா சுபாவுக்கு கர்ப்பப்பை கிழியலாம், பெரிய ரத்தக் கொழா வெடிக்கலாம். வலி வர்றதுக்கு முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரில படுக்க வெச்சி, எல்லா டாக்டருங்களும் கூட நின்னு எடுக்கணுமாம்.

அப்பாவ நெனச்சிப் பாரு. கரும்புக்கட்டத் தூக்கக் குனிஞ்சவரு அப்புடியே சாஞ்சாரு. நாப்பத்தாறு வயசு. மாருல நீலம். ஊரு பேய் அறைஞ்சதுன்னுச்சி. நீ குடிச்சி குடிச்சி செத்தாருன்னு இன்னி வரைக்கும் சொல்லிகினு இருக்கறே. அவரு என்னிக்கோ ஒரு நாளு குடிச்சவருடா.

புள்ளைய கீழ எறக்கு. என் மேல கோவம் அப்புறம் வெச்சிக்கலாம்.

அக்கா


வெள்ளிமலை,
27-2-2025

தைலம்மாள் அவர்களுக்கு,

முனியன் கொடுத்த கடிதம் கிடைத்தது. நீங்கள் உயிர் பிழைத்தமை குறித்து நிம்மதி அடைகிறேன். இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதி அடித்தேன். இதைவிடச் சரியாக எழுத வரவில்லை.

கொலாஜன் பற்றி எனக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய நார்ப்புரதம்; ஒவ்வொரு இழையிலும் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் வருவது மிகச் சிறிய அமினோ அமிலம்; அந்த இடத்தில் பெரியது ஒன்று புகுந்தால் முறுக்கு நெகிழும். கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகள் வரைந்த படம் இது.

ஆயினும் நீங்கள் எழுதியிருப்பது ஒரு மருத்துவரின் சந்தேகம். சந்தேகம் முடிவாகாது. உங்களுக்கு இருப்பதாலேயே என் மகளுக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை; அப்படி இருந்தால் அது என் வழியாக வந்திருக்க வேண்டும். எனக்கு அத்தகைய தொல்லை ஏதும் இல்லை. மேலும் இந்தக் கண்டுபிடிப்பு உங்கள் மகனை விடுவிப்பதற்கு மிகவும் ஏற்ற நேரத்தில் வந்திருக்கிறது.

உங்கள் மரபணுப் பரிசோதனை அறிக்கையின் சான்றொப்பமிட்ட நகல் தேவை. அதைப் பார்த்தபின் முடிவு செய்வேன். எட்டாம் மாத வயிற்றோடு இந்தக் கொண்டையூசி வளைவுகளில் ஒருத்தியை இறக்குவதும் ஆபத்துதான் என்பதை அந்த மருத்துவர் எண்ணிப் பார்த்தாரா?

தையல் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு எப்படி மூடினார்கள்? வலி குறைந்திருக்கிறதா?

மு. அறிவுச்செல்வன்


புதுச்சேரி,
1-3-2025

அறிவு,

ரிப்போர்ட்டு வர ஆறு வாரம் ஆவுமாம். அதுக்குள்ள அவளுக்கு வலி எடுத்துடும். அப்ப நீ நகலு வெச்சிகினு இன்னா பண்ணுவே, சட்டம் போட்டு மாட்டுவியா?

நீ கேட்டே இல்ல, குத்தம் இல்லாதவன் ஏன் கையெழுத்துப் போட்டான்னு. நான் அவன கேட்டேன். "போடலன்னா மாமா அவளையும் விசாரணைக்கு கூட்டியாருவாருன்னு போலீசுல சொன்னாங்கமா. வயித்துப்புள்ளக்காரி ஸ்டேஷன் படி ஏறுவாளா? அதான் போட்டுட்டேன்" ன்னான். இத நான் எழுதக்கூடாதுன்னு சொன்னான். எழுதிட்டேன்.

ஒரு மாசமா உன் வூட்லதான கீறா. உன் வூட்ல அவ மேல யாரு கை வெச்சா? புதுசா ஒரு தடமும் வுழலன்னு உன்னால எழுத முடியுமா? எழுது. நீதான் பொய் எழுதமாட்டியே. அப்புடி எழுதுனா நான் இதோட கம்னு இருந்துடறேன்.

எனக்கு ஒக்காந்து எழுத முடியல. திங்கக்கெயமை வூட்டுக்கு அனுப்பிடறாங்க. மூணு வேளையும் வெங்கடேசன்தான் பைய மாத்தி வுடறான். மொகம் சுளிக்காம.

தைலம்மா


புதுச்சேரி,
9-3-2025

அக்கா,

உங்கள் கடைசிக் கடிதத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தீர்கள். அதை என்னால் எழுத முடியவில்லை. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

கடந்த ஞாயிறு பிற்பகல் முனியனின் ஜீப் வாயிலில் ஒலி எழுப்பியது. உங்கள் கடிதத்தோடு வந்திருந்தான். கணவனிடமிருந்து ஏதோ செய்தி என்று எண்ணி சுபஸ்ரீ தள்ளாடித் தள்ளாடி முற்றத்தைத் தாண்டி நடந்தாள். வேண்டாம் என்று சொல்லி நான் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். முறுக்கவில்லை, இழுக்கவில்லை. தெருவைக் கடக்கையில் குழந்தையைப் பிடிப்பதைப்போலத்தான் பிடித்தேன். அவள் நின்றுவிட்டாள். நான் விட்டுவிட்டேன்.

திங்கள் காலை பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள். நான் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது ராணியம்மாள் மகளை அழைத்து வந்து என் முன்னால் நிறுத்தினாள். அந்த மணிக்கட்டில் நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் ஊதா நிறத்தில் பதிந்திருந்தன. என் புகைப்படங்களில் உள்ள எதுவும் இவ்வளவு தெளிவாக இல்லை. ராணியம்மாள் என் கையை எடுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்தாள்.

"பொருந்துதுங்களா?" என்றாள்.

பொருந்தியது.

"இருவது வருஷமா சொல்றேன், இவளுக்குத் தொட்டா நீலம் பூக்குதுன்னு. பேரீச்சம்பழம் குடுன்னீங்க. இப்ப போயி இதையும் எழுதிக் குடுங்க கள்ளக்குறிச்சில."

திருமணமாகி இருபத்தேழு ஆண்டுகளில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

தேர்வுப் பணியை விட்டுவிட்டேன்; அதற்கான விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், வரட்டும். வீட்டிலிருந்த தலையணை அத்தனையையும் ஜீப்பின் பின்னிருக்கையில் அடுக்கினோம். முனியன், "சார், சாமி செல ஏத்திகினு போறாப்புல போறேன், நீங்க கண்ண மூடிகினு ஒக்காருங்க" என்றான். நான் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். கச்சிராயபாளையத்தில் ஆம்புலன்சுக்கு மாற்றினோம். செவ்வாய் விடியும்போது இங்கே சேர்த்துவிட்டோம். உங்களை முந்தைய நாள்தான் அனுப்பியிருந்தார்கள்.

நீங்கள் எழுதிய அந்த மருத்துவரைச் சந்தித்தேன். அறிக்கை வரும்வரை காத்திருக்க முடியாது, இருப்பதாகவே கொண்டு செயல்படப்போகிறோம் என்றார். மார்ச் 17, திங்கட்கிழமை காலை அறுவைசிகிச்சை. இரத்தக் குழாய்களைத் தைக்கும் மருத்துவர் ஒருவரும் உடன் நிற்பார். தையல் பிடிக்குமா என்று கேட்டேன். "புடிக்க வெக்கப் பாப்போம் சார்" என்றார். அதற்குமேல் எதுவும் உறுதி சொல்லவில்லை. பொய் சொல்லாத பெண் என்று தெரிந்தது. அவர்மீதும் எனக்குக் கோபம் எழுந்தது; எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் அது அப்படித்தான். யார்மீது வைப்பது என்று தெரியாமல் நாள் முழுவதும் சுமந்துகொண்டிருக்கிறேன். மிகவும் களைப்பாக இருக்கிறது.

எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை இங்கே எழுதவில்லை. இது என்னைப் பற்றிய கடிதம் அன்று.

வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சி சென்று புகாரைத் திரும்பப் பெற்றேன். மாப்பிள்ளை கொடுத்த உறுதிமொழிக்கு இனி மதிப்பில்லை என்று எழுதி வாங்கியிருக்கிறேன். நகல் இத்துடன் உள்ளது.

இப்போது நான் கேட்க வேண்டியது. சுபஸ்ரீயின் கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் மாப்பிள்ளையோடு பேசினாள். வா என்று அழைத்தாள். அவர், "எழுதிக் குடுத்துட்டு வந்தவன் நானு. எழுதி வாங்குனவரு எழுதிக் கூப்புடட்டும். அப்ப வர்றேன்" என்றாராம். அவர் சொன்னது நியாயம். என் அழைப்புகளை அவர் எடுப்பதில்லை. அதுவும் நியாயம். நேரடியாக அவருக்கு எழுதும் தகுதி எனக்கு இருப்பதாக நான் எண்ணவில்லை. ஆகவே உங்கள் வழியாக எழுதுகிறேன். அவர் வர வேண்டும். கூடத்தில் என் பக்கத்தில் அமர வேண்டியதில்லை. அவள் உள்ளே போகும்போது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றால் போதும். அவர் இல்லாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடமாட்டேன் என்று அவள் உறுதியாக இருக்கிறாள். தேதியைத் தள்ளிப்போட முடியாது என்று மருத்துவர் உறுதியாக இருக்கிறார்.

நேற்று அவளிடம், "மாப்பிள்ளைக்கு எழுதப்போகிறேன், வந்துவிடுவார்" என்றேன். ஐந்து வாரங்களுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க சொன்னா நான் எப்படிப்பா நம்பறது?"

ஆகவே பதில் எழுத்தில் வேண்டும். என் வாய்ச்சொல் அவளிடம் செல்லாது. உங்கள் கையெழுத்தாக இருந்தாலும் நான் கெஞ்சி வாங்கியதாக நினைப்பாள். மாப்பிள்ளையின் கையெழுத்தில், அவள் பெயருக்கு, வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வரி. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் முனியன் பதில் வாங்காமல் திரும்பமாட்டான். எத்தனை நாளானாலும் உங்கள் வாசலில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். மார்ச் 15, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அது அவள் கையில் இருக்க வேண்டும்.

அறிவுச்செல்வன்